வளவுக்குள் ஒரு மத்ரஸா



பொழுதுபோக்கு என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் சிலர் முகம் சுளிப்பதுண்டு. “பொழுது தானாகவே போய்க்கொண்டிருக்கிறது. அதைப் போக்குவதற்கு வேறு ஒரு வேலையா?” என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். உடல் ஆரோக்கியம், ஓய்வு நேரம் ஆகிய இரு அருட்கொடைகளில்தான் மக்களில் அநேகர் நட்டமடைகின்றார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். இது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியிருக்கிறது.

ஆனால் அதே நபி (ஸல்) அவர்கள்தான் தமது அன்பு மனைவி ஆயிஷா (ரழி) அவர்களுடன் ஓட்டப் போட்டி வைத்தார்கள். ஒரு முறை ஆயிஷா (ரழி) முந்தினார்கள். பின்னொரு காலத்தில் நபியவர்கள் முந்தினார்கள். உலகத்துக்கே வழிகாட்ட வந்தவர்களுக்கு மனைவியோடு மகிழ்ந்திருக்க நேரம் இருந்தது. அப்படியானால் குடும்பமாகச் சேர்ந்து ஈடுபடும் ஒரு நல்ல காரியத்தை வீண் பொழுது என்று எப்படிச் சொல்ல முடியும்?

எங்கள் வீட்டில் அந்தக் காரியம் தோட்டம். பெரிய தோட்டமென்று எண்ணிவிடாதீர்கள். வீடும் குசினியும் கிணற்றடியும் போக எஞ்சிய நான்கைந்து பேர்ச் மணல் நிலம்தான். கிழக்கிலங்கையில் கடலோரத்தில் வாழும் சகோதரிகளுக்கு அந்த மணலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. காலையில் ஊற்றிய தண்ணீர் மதியத்தில் இருக்காது. தேங்காய்ப் பொச்சுமட்டையைப் புதைத்து, சருகும் மாட்டெருவும் இட்டு, மீன் கழுவிய தண்ணீரைக் கறிவேப்பிலைக்கு ஊற்றி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அதை மண்ணாக்க வேண்டும்.

எங்கள் பகுதி வழக்கப்படி கலியாணம் முடித்து மனைவியின் வீட்டுக்கு வந்தவன் நான். நான் வரும்போதே அங்கு தோட்டம் இருந்தது. அதன் சொந்தக்காரி என் மாமி. பின்னர் என் மனைவியும், நானும், பிள்ளைகளும் அவருடைய மாணவர்களானோம். அறபுக் கல்லூரியில் பல வருடங்கள் கிதாபுகளில் ஓதிய சில பாடங்களுக்கு அந்த வளவுக்குள்தான் விளக்கம் கிடைத்தது. அவற்றில் சிலவற்றை உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி நம் கரைகளுக்கு என்ன நடந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். அன்று மாமியின் கடைசி மகன், பன்னிரண்டு வயதுப் பிள்ளை, கடலோடு போய்விட்டான். வீட்டின் ஒரு பக்கச் சுவர் விழுந்தது. கிணற்றில் கடல் நீர் நிறைந்தது. இருந்த மரஞ்செடிகள் எல்லாம் கருகின. அகதி முகாமிலிருந்து திரும்பி வந்த சில நாட்களில் மாமி எங்கிருந்தோ ஒரு முருங்கைக் கம்பைக் கொண்டுவந்து நட்டாராம். “வீடே இல்லாமக் கிடக்கு, யாருக்கு இந்த முருங்கை?” என்று உறவினர் ஒருவர் கேட்டதற்கு, “நடுறது நம்மட வேலை. முளைக்க வைக்கிறது அவன்ட வேலை” என்றாராம். என் மனைவி இதை எனக்குச் சொன்னபோது, அனஸ் (ரழி) அறிவிக்கும் ஒரு நபிமொழி நினைவுக்கு வந்தது. கையில் ஒரு கன்று இருக்கும் நிலையில் கியாமத் நாளே வந்துவிட்டாலும், நட முடியுமானால் அதை நட்டுவிடும்படி அதில் நபியவர்கள் பணிக்கின்றார்கள். இமாம் அஹ்மத் அவர்களின் முஸ்னதிலும், இமாம் புகாரி அவர்களின் அல்அதபுல் முஃப்ரதிலும் அது உள்ளது. மாமி அந்த ஹதீஸை ஓதியவரல்லர். ஆயினும் அதன்படி செய்தார்.

முதல் கம்பு காய்ந்தது. இரண்டாவதும் காய்ந்தது. கிணற்றைப் பலமுறை இறைத்துப் பார்த்தார்கள். அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருக்கும் உப்புநீர் மேலும் ஏறிவிடும் என்று பின்னர் தெரிந்தவர்கள் சொன்னார்கள். மாரி மழைதான் மெல்ல மெல்ல உப்பைக் கழுவியது. அதன் பிறகு நட்ட மூன்றாவது கம்பு துளிர்த்தது. சில வருடங்களின் பின் ஒரு மாரிக் காற்றில் அந்த மரம் முறிந்தபோது, அதன் கம்புகளை அயலவர்கள் கேட்டு வாங்கிச் சென்றார்கள். இன்று எங்கள் தெருவில் ஏழு வளவுகளில் அந்த முருங்கை நிற்கிறது. ஸப்ர் என்பது கையைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பதன்று, சகோதரிகளே! அழுதுகொண்டே அடுத்த கம்பை நடுவதும் ஸப்ர்தான்.

ஒரு நாள் அஸருக்குப் பின் கீரை பிடுங்கிக்கொண்டிருக்கையில் மாமி என்னிடம் கேட்டார்: “மகன், இதில பறவை தின்டாலும் ஸதகா என்டு சொல்றீங்க. அந்த நன்மை என்ட புள்ளைக்குப் போய்ச் சேருமா?” அதுவரை அந்தப் பிள்ளையைப் பற்றி அவர் என்னுடன் பேசியதில்லை. ஸஃது இப்னு உபாதா (ரழி) அவர்களின் வரலாற்றைச் சொன்னேன். அவர் ஊரில் இல்லாத வேளையில் தாயார் வபாத்தாகிவிட்டார். தாயாருக்காகத் தருமம் செய்தால் அது பயன்படுமா என்று அவர் கேட்க, நபியவர்கள் ஆம் என்றார்கள். உடனே அல்மிக்ராப் என்ற தமது தோட்டத்தையே தாயாருக்காக ஸதகாவாக்கினார். நீரில் மூழ்கி மரணிப்பவர் ஷஹீதுகளில் ஒருவர் என்ற நபிமொழியையும் சொன்னேன். மாமி ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மற்றப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றப் போனார். அன்று முதல் எங்கள் வளவில் எது காய்த்தாலும் முதல் பங்கு அந்தப் பிள்ளையின் பேரில் ஓர் ஏழை வீட்டுக்குப் போகிறது.

அடுத்தது தவக்குல் பற்றிய பாடம். இதைக் கற்றுத்தந்தது பூசணிக் கொடி. பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் அடியில் சிறிய பிஞ்சு இருக்கும். விடியற்காலையில் பூ விரியும், நண்பகலுக்குள் வாடிவிடும். அந்த நேரத்துக்குள் தேனீ வந்து மகரந்தத்தைச் சேர்க்காவிட்டால் பிஞ்சு மஞ்சளித்து விழுந்துவிடும். மழை நாட்களில் தேனீ குறைவு. ஆகவே ஸுபஹ் தொழுதுவிட்டு, ஆண் பூவைப் பறித்து இதழ்களை நீக்கி, பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவிவிடுவது என் மகளின் வேலை. ஒரு நாள் அவள் கேட்டாள்: “வாப்பா, அல்லாஹ் தருவான் என்டு சொல்லுவீங்களே. பிறகு ஏன் நாம இப்படிச் செய்யணும்?”

நல்ல கேள்வி! மதீனாவாசிகள் ஆண் பேரீச்சையின் பாளையைப் பெண் பேரீச்சையில் சேர்த்து வந்தார்கள். அதனால் பயன் இருக்கும் என்று தாம் எண்ணவில்லை என நபியவர்கள் சொன்னபோது, அவர்கள் அதை விட்டுவிட்டார்கள். விளைச்சல் குறைந்தது. அது தமது அபிப்பிராயம் மட்டுமே என்றும், உங்கள் உலகக் காரியங்களை நீங்களே நன்கறிவீர்கள் என்றும் நபியவர்கள் தெளிவுபடுத்தினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் செய்தி இது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி சொன்னவர்களும் அவர்களே. பூவைத் தடவுவது ஒட்டகத்தைக் கட்டுவது போன்றது. அதற்குப் பிறகு காய் பிடிப்பதும் பிடிக்காததும் அல்லாஹ்வின் நாட்டம். நீங்கள் விதைப்பதை முளைக்கச் செய்பவர்கள் நீங்களா, நாமா என்ற கருத்தில் ஸூரத்துல் வாகிஆவில் இறைவன் கேட்கும் கேள்வியை அன்று மகளுக்கு ஓதிக் காட்டினேன். பிள்ளையின் படிப்பும், கணவனின் தொழிலும், நோயாளியின் மருந்தும் எல்லாம் இப்படித்தான். முயற்சியை விட்டவருக்குத் தவக்குல் இல்லை. முயற்சியையே நம்பியவருக்கும் தவக்குல் இல்லை.

தோட்டம் ஆண்களுக்குரியது என்று நினைக்கும் சகோதரிகளும் இருக்கின்றார்கள். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ, விலங்கோ, பறவையோ உண்டால் அது அவருக்கு ஸதகா என்பது நாம் அடிக்கடி கேட்கும் ஹதீஸ். முஸ்லிமில் வரும் ஓர் அறிவிப்பின்படி, நபியவர்கள் அதைச் சொன்ன இடம் உம்மு முபஷ்ஷிர் என்ற அன்ஸாரிப் பெண்மணியின் பேரீச்சந் தோட்டம்! ஜாபிர் (ரழி) அவர்களின் சாச்சி தலாக் சொல்லப்பட்டு இத்தாவிலிருந்தபோது, தமது பேரீச்சங்குலைகளைப் பறிக்க வெளியே செல்ல விரும்பினார். ஒருவர் தடுத்தார். நபியவர்களோ அனுமதித்தார்கள். அதிலிருந்து நீ ஸதகா செய்யலாம், நல்லது செய்யலாம் என்று காரணமும் சொன்னார்கள். மனம் உடைந்திருக்கும் ஒரு பெண்ணுக்கு அவர்கள் காட்டிய வழியைப் பாருங்கள்!

அதே ஹதீஸின் இன்னோர் அறிவிப்பில், அம்மரத்திலிருந்து திருடப்படுவதும் நட்டவருக்கு ஸதகாவாகிறது என்று உள்ளது. ஓர் இரவு எங்கள் பப்பாசிப் பழத்தை யாரோ பறித்துச் சென்றபோது பிள்ளைகள் கொதித்தார்கள். “எடுத்தவருக்குப் பாவம், நமக்கு ஸதகா. நாம ஏன் கோவிக்கணும்?” என்று என் மனைவி கேட்டதும் அடங்கிவிட்டார்கள்.

மதிலுக்கு அப்பாலிருந்த வீட்டாருக்கும் எங்களுக்கும் கான் தண்ணீர் விடயமாக நீண்ட நாள் பேச்சில்லை. இரண்டு அயலவர்களில் யாருக்கு அன்பளிப்புக் கொடுப்பது என்று ஆயிஷா (ரழி) கேட்டபோது, வாசல் மிக நெருங்கியிருப்பவருக்கு என்றார்கள் நபியவர்கள். என் மனைவி ஒரு பிடி பயிற்றங்காயைப் பீங்கானில் வைத்து மகளிடம் கொடுத்தனுப்பினாள். பீங்கான் வர இரண்டு வாரமாயிற்று. வந்தபோது அதில் வட்டிலாப்பம் இருந்தது! கான் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் இப்போது இரு வீட்டாரும் சேர்ந்தே அதைத் துப்புரவு செய்கிறோம்.

2022இல் நாட்டில் பொருளாதார நெருக்கடி வந்தது. வீட்டுத்தோட்டம் செய்வதற்கென்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுக்கும் அளவுக்கு நிலைமை போனது. அந்த நாட்களில் எங்கள் சட்டியில் கீரைக்குக் குறைவிருக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் அதை விடப் பெரிய விளைச்சல் வேறு. அஸருக்குப் பின்னுள்ள அந்த அரை மணி நேரத்தில்தான் நாங்கள் ஒருவரோடொருவர் பேசுகிறோம். மனைவிக்கு என்ன கவலை, மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன பிரச்சினை என்பதெல்லாம் களை பிடுங்கும்போதுதான் வெளியே வருகின்றன.

சகோதரிகளே! நீங்களும் ஆரம்பியுங்கள். பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடும் இடத்தில் ஒரு ரம்பை, முற்றத்தில் இரண்டு கொச்சிக்காய்க் கன்று போதும். மாடி வீட்டிலிருப்போருக்குப் பழைய பெயின்ட் வாளி போதும். தண்ணீரை வீண்விரயம் செய்யாதீர்கள். ஒரு முத்து அளவு நீரில் வுழூச் செய்த நபியின் உம்மத்தினர் நாம். தொழுகை நேரத்தைத் தோட்டம் விழுங்கிவிட இடமளிக்காதீர்கள். கணவரையும் பிள்ளைகளையும் மண்ணுக்கு இறக்குங்கள். நடும்போது ஸதகா என்ற நிய்யத்தோடு நடுங்கள். மரணித்த உங்கள் சொந்தங்களையும் அந்த நிய்யத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம் கைகள் நடுபவற்றிலும், நம் மடியில் வளர்பவர்களிலும் வல்ல அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.