பொங்கல் வாழ்த்து அட்டையும் ஒரு தின்னர் பாட்டிலும்

1. மக்களே, பொங்கல் நெருங்குது. எங்க ஐயம்பேட்டையில தறிச் சத்தத்துக்கு நடுவுல பிள்ளைங்க வாழ்த்து அட்டை செய்ய உக்காந்தாச்சு. கையில ரப்பர் ஸ்டாம்ப், இல்லன்னா கண்ணாடி மாதிரி இருக்கிற கிளியர் ஸ்டாம்ப். இதுல டாக்டருக்கு என்ன வேலைன்னு கேப்பீங்க. இருக்கு. கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

2. நாற்பது வயசு தாண்டினவங்களுக்கு ஞாபகம் இருக்கும். 80கள், 90கள்ல மார்கழி பிறந்தா போதும், கடை வாசல்ல கயிறு கட்டி வாழ்த்து அட்டை தொங்கும். பொங்கப்பானை, கரும்பு, காளை மாடு, சாமி படம், ரஜினி, கமல். செல்போன் வந்து அதை முடிச்சு வெச்சது. இப்போ சில வீடுகள்ல அட்டை திரும்பி வருது, ஆனா கடையில வாங்கினதா இல்ல, வீட்டுலயே செஞ்சதா. பிள்ளைங்க கையிலிருந்து போனைக் கொஞ்ச நேரம் கீழ வைக்க வைக்கிற எதையும் நான் வரவேற்பேன்.

3. முதல்ல கையில இருக்கிறது எந்த ரகம்னு தெரிஞ்சுக்கங்க. ரப்பர் ஸ்டாம்ப், கந்தகம் சேர்த்துச் சூடாக்கி உறுதியாக்கின ரப்பர். இந்த முறைக்கு அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர் 1844ல காப்புரிமை வாங்கினார். கிளியர் ஸ்டாம்ப் பெரும்பாலும் ஒளிபட்டு இறுகுற பிசின். திரவமா இருக்கும், புற ஊதா ஒளி படுற இடம் மட்டும் கெட்டியாகும். பசை தேவையில்ல, வழவழப்பான அக்ரிலிக் கட்டை மேல தானா ஒட்டிக்கும். அடியில என்ன இருக்குன்னு பார்த்துக் குத்தலாம், அதான் இதோட வசதி.

4. நாள் முழுக்க ஓ.பி. சீட்டுல பதிவு எண்ணோட சீல் குத்துறவங்கற அனுபவத்துல சொல்றேன். பலம் போட்டா அச்சு நல்லா விழாது, ஓரத்துல மசி வழியும், அவ்வளவுதான். பெரிய ஸ்டாம்ப்பா இருந்தா அதை மல்லாத்தி வெச்சு, பேடை அது மேல லேசா தட்டித் தட்டி மசி ஏத்துங்க. அட்டைக்கு அடியில நாலஞ்சு நியூஸ்பேப்பர் மடிச்சுப் போடுங்க. நேரா வெச்சு, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அழுத்தி, நேரா தூக்குங்க. ஆட்டக்கூடாது.

5. புது கிளியர் ஸ்டாம்ப்ல மசி முத்து முத்தா நிக்குதா? ஸ்டாம்ப் கெட்டுப் போகல. தயாரிக்கும்போது படிஞ்ச வழவழப்பு மேல இருக்கு. மென்மையான பென்சில் அழிப்பானால லேசா தேய்ங்க, இல்ல ஒரு சொட்டு சோப்புத் தண்ணில கழுவிக் காய வைங்க. அடுத்த தடவை மசி சீரா பிடிக்கும்.

6. மசி விஷயத்துக்கு வரேன். ஆபீஸ் ஸ்டாம்ப் பேடோட ஊதா மசி சீட்டுக்குச் சரி. வாழ்த்து அட்டைக்குச் சுமார்தான். வெயில் பட்டா வெளுக்கும், வழவழ அட்டையில சீக்கிரம் காயாம இழுபடும். அந்த ஊதாவுல பெரும்பாலும் மெத்தில் வயலட் வகைச் சாயம்தான். அந்தக் காலத்துல வாய்ப்புண்ணுக்குத் தடவுவாங்களே ஒரு ஊதா மருந்து, ஜென்ஷன் வயலட், அதுவும் இதே குடும்பம். புற்றுநோய் அபாயம் இருக்கலாம்னு 2019ல கனடா சுகாதாரத் துறை அந்த மருந்தைப் பத்தி எச்சரிச்சது.

7. பயப்பட வேண்டாம். விரல்ல மசி பட்டா ஒண்ணும் ஆகாது, சோப்பு போட்டுக் கழுவுங்க, மிச்சம் ரெண்டு மூணு நாள்ல தானா போகும். ஆனா விளையாட்டுக்குக் குழந்தை கன்னத்துல, உதட்டுப் பக்கத்துல குத்தாதீங்க. சாப்பாடு, பலகாரம் மேலயும் வேண்டாம். அப்புறம், கிளியர் ஸ்டாம்ப்ல குட்டிக் குட்டி இதயம், நட்சத்திரம் எல்லாம் இருக்கும். பார்க்க ஜெல்லி மிட்டாய் மாதிரியே இருக்கும். மூணு வயசுக்குக் கீழ குழந்தை இருக்கிற வீட்டுல எண்ணி எடுங்க, எண்ணி வைங்க. தொண்டையில சிக்கும்.

8. இப்போ முக்கியமான கேள்வி. "ஸ்டாம்ப்ல காஞ்ச மசி போகவே மாட்டேங்குது, எதை வெச்சுத் துடைக்கிறது?" நம்ம வீடுகள்ல இதுக்கு உடனே வர்ற பதில்: தின்னர், மண்ணெண்ணெய், பெட்ரோல். கொரோனாவுக்கு அப்புறம் சானிடைசர். கொஞ்சம் பெரியவங்க தேங்காய் எண்ணெய்ம்பாங்க. இது எதுவுமே வேண்டாம். ஏன்னு ரெண்டு பக்கமா சொல்றேன்: ஸ்டாம்ப் பக்கம் ஒண்ணு, பிள்ளை பக்கம் ஒண்ணு.

9. ஸ்டாம்ப் பக்கம். ரப்பருக்கு எண்ணெய் ஆகாது. தின்னர், மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய் எல்லாமே ரப்பருக்குள்ள ஊறி அதை உப்ப வைக்கும். உப்பினா மெல்லிய கோடுகள் தடிச்சுப் போகும், முகம் அடையாளம் தெரியாது. ஆணுறைக்கு எண்ணெய் தடவாதீங்கன்னு நாங்க சொல்றது இதே காரணத்துக்குத்தான், சில நிமிஷத்துல அது பலம் இழந்து கிழியும். சானிடைசர்ல இருக்கிற ஆல்கஹால் கிளியர் ஸ்டாம்ப்பை வறட்டிக் கெட்டியாக்கும், அக்ரிலிக் கட்டையில மயிரிழை மாதிரி வெடிப்பு விட வைக்கும்.

10. பிள்ளை பக்கம். நான் முன்னாடி வேற ஊர்ல வேலை பார்த்தப்போ, பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்ன ராத்திரி ஒரு ரெண்டரை வயசுப் பையனைத் தூக்கிட்டு வந்தாங்க. அக்கா அட்டை செஞ்சிட்டிருந்தா. ஸ்டாம்ப் துடைக்க அப்பா பெயின்ட் வேலையிலிருந்து கொஞ்சம் தின்னர் கொண்டு வந்து வெச்சிருந்தார். எதுல? கூல்டிரிங்ஸ் பாட்டில்ல. பையன் ரெண்டு மடக்கு குடிச்சிட்டான். "ஜூஸ்னு நெனச்சுட்டான் டாக்டர், வாந்தி எடுத்தா வெளிய வந்துடும்னு உப்புத் தண்ணி குடுத்தேன்"னு பாட்டி சொன்னாங்க. அந்த வாந்திக்கு அப்புறம்தான் இருமல் ஆரம்பிச்சிருக்கு.

11. பாட்டி மேல தப்பில்ல. நம்ம ஊர்ல விஷம்னா வாந்தி எடுக்க வைக்கணும்னுதான் சொல்லிக் கொடுத்திருக்கோம். ஆனா தின்னர், மண்ணெண்ணெய், பெட்ரோலுக்கு அது நேர் எதிர். வயித்துல இருக்கிறதை விட நுரையீரலுக்குள்ள போறதுதான் பெரிய ஆபத்து. ரொம்ப லேசா ஓடுற திரவம் இது. வாந்தி எடுக்கும்போது மூச்சுக்குழாய்ல சுலபமா நழுவிடும். நுரையீரல் காத்துப் பைகள் சுருங்கி ஒட்டிக்காம இருக்க உள்பக்கம் ஒரு மெல்லிய கொழுப்புப் பூச்சு இருக்கு. மசியைக் கரைக்கிற அதே குணம் அந்தப் பூச்சையும் கரைச்சிடும். காத்துப் பைகள் மூடிக்கும், மூச்சு வாங்கும். ரசாயன நிமோனியா.

12. அந்தப் பையனுக்கு அஞ்சு நாள் ஆக்சிஜன். பொங்கல் வார்டுலயே போச்சு. நல்லபடியா வீட்டுக்குப் போனான். எல்லாக் குழந்தையும் அப்படிப் போறதில்ல.

13. அதனால இதை மனப்பாடம் பண்ணிக்கங்க. குழந்தை தின்னரோ மண்ணெண்ணெயோ குடிச்சிட்டா:
வாந்தி எடுக்க வைக்காதீங்க. உப்புத் தண்ணி, சோப்புத் தண்ணி, பால், மோர் எதுவும் வேண்டாம்.
நனைஞ்ச சட்டையைக் கழட்டி, தோலை சோப்பு போட்டுக் கழுவுங்க.
108க்குக் கூப்பிடுங்க, இல்ல கிடைச்ச வண்டியில கிளம்புங்க.
பாட்டிலை மறக்காம எடுத்துட்டு வாங்க. தின்னர்ல டொலுயீன் இருக்கலாம், பார்வையைப் பறிக்கிற மெத்தனாலும் இருக்கலாம். எதுன்னு தெரிஞ்சா எங்களுக்கு உதவி.
குழந்தை சிரிச்சு விளையாடினாலும் வாங்க. குறைஞ்சது 6 மணி நேரம் பார்த்துட்டுதான் அனுப்புவோம்.
"ஏன் டாக்டர் வயித்தைக் கழுவல?"ன்னு கோவப்படாதீங்க. இதுக்குப் பெரும்பாலும் கழுவ மாட்டோம். காரணம் மேல சொன்னதுதான்.

14. சானிடைசரும் விளையாட்டுப் பொருள் இல்ல. சின்னக் குழந்தை கொஞ்சம் குடிச்சாலும் ரத்தத்துல சர்க்கரை இறங்கும், மயக்கம், வலிப்பு வரைக்கும் போகலாம். விளக்கு, அடுப்பு பக்கத்துல தீப்பிடிக்கும்.

15. சரி, அப்போ ஸ்டாம்ப்பை எதை வெச்சுத்தான் சுத்தம் பண்றது? தண்ணி. தேவைப்பட்டா ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட். அவ்வளவுதான்.
ரப்பர் ஸ்டாம்ப்: ஈரத் துணியால ஒத்தி எடுங்க. கோடுகளுக்கு நடுவுல மென்மையான பழைய பல் தேய்க்கும் பிரஷ். தண்ணில ஊறப் போடாதீங்க, மரக்கட்டை உப்பும், பசை விட்டுப் போகும்.
கிளியர் ஸ்டாம்ப்: குழாய்த் தண்ணில கழுவலாம். துணியால அழுத்தித் துடைச்சா பஞ்சு ஒட்டும், காத்துல காய விடுங்க. கட்டையில ஒட்டறது குறைஞ்சா அதே சோப்புத் தண்ணி, பிடிப்பு திரும்ப வந்துடும்.
வேலை முடிஞ்ச கையோட துடைச்சா காஞ்ச மசின்னு ஒண்ணு வரவே வராது. கறை மட்டும் தங்கினா விடுங்க, அடுத்த அச்சு அதனால கெடாது.

16. வைக்கிற இடம். வெயில் ரெண்டுக்குமே எதிரி. ரப்பர் வெடிக்கும், கிளியர் மஞ்சளாகிக் கெட்டியாகும். ஆஸ்பத்திரியில கையுறைப் பெட்டியை ஜன்னல் ஓரத்துல வைக்காததும் இதுக்குத்தான். கிளியர் ஸ்டாம்ப்பை அது வந்த பிளாஸ்டிக் தாள்லயே திருப்பி ஒட்டி, மூடின டப்பாவுல இருட்டா வைங்க. ஒண்ணு மேல ஒண்ணு அடுக்காதீங்க.

17. எங்க ஊர்ல பார்த்த ஒரு யோசனை. தறியில ஓடித் தேஞ்ச பழைய ஜக்கார்டு அட்டை, ஓட்டை ஓட்டையா இருக்குமே, அதை வாழ்த்து அட்டை மேல வெச்சு ஸ்பாஞ்சால மசி ஒத்தினா புள்ளிக்கோலம் மாதிரி விழுது. நடுவுல ஒரு பொங்கப்பானை ஸ்டாம்ப், ஓரத்துல ஒரு துண்டு ஜரிகை. கடையில கிடைக்காது இந்த அட்டை. ஆனா தபால்ல போடுறதுக்கு முன்ன எடை பாருங்க. 5 ரூபாய் தலை 20 கிராம் வரைக்கும்தான்.

18. படிச்சு முடிச்சதும் எழுந்து ஒரு வேலை பண்ணுங்க. பாத்ரூம், சமையல்கட்டு, மாடிப்படி அடி எல்லாம் பாருங்க. கூல்டிரிங்ஸ் பாட்டில்லயோ தண்ணி பாட்டில்லயோ தின்னர், மண்ணெண்ணெய், ஆசிட், பினாயில் எது இருந்தாலும் எடுத்துடுங்க. அவசியம் வேணும்னா அது வந்த டப்பாவுலயே, பேர் தெரியிற மாதிரி, பூட்டின அலமாரியில வைங்க. அட்டை செய்யறதுக்கு அது தேவையே இல்ல.

சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீடுகளுக்கு இதை அனுப்பி வைங்க. சந்தேகம் இருந்தா கேளுங்க, ஓ.பி. முடிஞ்சு வந்து பதில் சொல்றேன்.

எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.


அரசு மருத்துவர், எம்.பி.பி.எஸ்., ஐயம்பேட்டை