குறைந்த காட்சி, நீண்ட பாட்டு

விரலுக்குத் தக்க வீக்கம் என்பார்கள் பெரியோர். அனிமே எனப்படும் ஜப்பானியச் சித்திரப் படங்களின் காட்சிகளை வெட்டி ஒட்டிப் பாட்டுக்கு இசைய வைக்கும் பொழுதுபோக்கிலும் இம்மொழி பொருந்துகிறது.

1982-இல் அமெரிக்க ரசிகர் ஒருவர் இரண்டு வீடியோ ரெக்கார்டர்களை இணைத்து, ‘ஸ்டார் பிளேசர்ஸ்’ காட்சிகளைப் பாட்டோடு சேர்த்தார். இக்கலைக்கு அதுவே தொடக்கம் என்பர். இன்று கணினி இருந்தும் சிக்கல் ஒன்றே: பாட்டு நீளும், காட்சி தீர்ந்துவிடும்.

நான் எடுத்துக்கொண்டவள், ஒரு தொடரில் அதிகம் பேசாத தங்கை. அவள் தோன்றுவதோ மொத்தம் 50 நொடிகள். பாட்டோ 2 நிமிடம். வேகத்தைக் குறைத்து இழுக்கலாமே என்பீர்கள். நொடிக்கு 24 பிரேம்கள் ஓடினாலும், அனிமேயில் பல இடங்களில் ஓர் ஓவியமே 3 பிரேம்களுக்கு நிற்கும்; ஆக 8 ஓவியங்களே. பாதி வேகத்தில் அவை 4 ஆகிப் படம் தத்தித் தத்தி நடக்கும்.

ஆகவே பாட்டில் ஒரு சரணத்தை நீக்கினேன். தாளம் விரையுமிடத்தில் துண்டுக் காட்சிகள். குரல் தாழுமிடத்தில் அவளுடைய அசையாத முகம். பல்லவி திரும்பியபோது அவள் கதவைத் திறக்கும் காட்சியும் திரும்பியது. முதலில் அது வரவேற்பு, இறுதியில் பிரிவு.

தோழியரே, வகுப்பில் பேசாதிருப்பவளுக்கும் ஒரு கதை உண்டு. கிடைக்கும் சில நொடிகளில் உற்றுப் பார்த்தால் அது தெரியும்.