மழைத் தண்ணி என்று சொன்னேன்

கல்கத்தாவின் சாக்கடை எங்கே போகிறது என்றால், கிழக்கே. ஹூக்ளி ஆறு மேற்கில் ஓடினாலும் நிலம் சரிவது கிழக்குப் பக்கம். பாமர்ஸ் பிரிட்ஜிலும் பாலிகஞ்சிலும் பம்பு வைத்து ஏற்றிக் கால்வாயில் விடுகிறார்கள். கால்வாயிலிருந்து அது பேரி எனப்படும் மீன் குளங்களுக்குப் போய்ச் சேருகிறது. எங்கள் லேக் மார்க்கெட் தெருக்களின் கழிவும் அதில் சேர்த்தி. நான் அறிவியல் ஆசிரியையாக இருந்தவள். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் பிள்ளைகளிடம் மறைத்தேன்.

1991-ல் எம்.சி. மேத்தா வழக்கில், சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. எங்கள் பள்ளியில் அந்தப் பொறுப்பை வேறு யாரும் ஏற்காததால் அது என் தலையில் விழுந்தது. பிள்ளைகளை வெளியே கூட்டிப்போக வேண்டுமென்றால் ரவீந்திர சரோவருக்கு நடந்தே போய்விடலாம். 1920களில் வெட்டிய ஏரி. நடைபாதை, பெஞ்சு எல்லாம் உண்டு. நான்தான் பிடிவாதமாக, அந்தக் குளங்கள் இருக்கும் கிழக்குக் கல்கத்தா ஈரநிலத்துக்கு பஸ் ஏற்பாடு செய்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட. ஆனால் பெற்றோருக்கு அனுப்பும் கடிதத்தில் 'பறவை பார்க்கும் பயணம்' என்று எழுதுவேன். ராம்சார் தலம், 2002, 12,500 ஹெக்டேர் எல்லாம் அதில் இருக்கும். சாக்கடை என்ற சொல் மட்டும் இருக்காது.

பறவைகள் அங்கே உண்டுதான். நீர்க்காகம், கொக்கு, இலைக்கோழி. ஆனால் கொக்கு பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அங்கே போவதற்கான காரணமே அந்தக் கறுப்புத் தண்ணீர். குளத்தை முதலில் வற்ற வைத்து வெயிலில் காயப்போட்டு, சேற்றைக் கிளறிவிட்டு, பிறகுதான் கழிவுநீரை விடுகிறார்கள். ஆழம் அதிகம் கிடையாது, ஆள் இறங்கி நிற்கலாம். அதனால் வெயில் உள்ளே இறங்கும். பாக்டீரியா அழுக்கைச் சிதைக்கும், அந்தச் சத்தில் பாசி வளரும், பாசி வெளிவிடும் ஆக்சிஜனில் பாக்டீரியா மறுபடி வேலையைத் தொடரும். பாசி மிஞ்சினால் குளம் கெட்டுவிடும். அப்படிக் கெடாமல் பார்த்துக்கொள்வது மீன்கள். கரையோரமாக ஆகாயத்தாமரையை வளரவிடுகிறார்கள். அலை கரையை அரிக்காமல் தடுக்கும், உலோகங்களை வேர் இழுத்துக்கொள்ளும். மற்ற நகரங்கள் கோடி கோடியாய்க் கொட்டிக் கட்டும் சுத்திகரிப்பு நிலையத்தின் வேலையை இங்கே வெயிலும் மீனும் செய்கின்றன, போதாததற்குச் சாப்பாடும் கிடைக்கிறது. ஒரு வருடம் முழுக்க நடத்தலாம் இந்த ஒரு பாடத்தை.

நான் என்ன நடத்தினேன்? ஒரு டிசம்பர் காலையில் பேரியில் வேலை செய்யும் பெரியவர் ஒருவர், "இங்கே வாங்க, திதிமணி (டீச்சரம்மா)" என்று எங்களைக் கூப்பிட்டு, உள்ளங்கையில் தண்ணீரை அள்ளிக் காட்டினார். பச்சையாக இருந்தது. மோந்து பார்த்தார், விரலிடுக்கில் வழியவிட்டார். மீன் விடும் பக்குவம் வந்துவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என வங்காள மொழியில் சொல்லத் தொடங்கினார். கருவி எதுவும் இல்லை, நிறமும் வாடையும்தான் கணக்கு. எங்கள் தமிழ்ப் பையன் ஒருவன் தானும் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினான். மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன்.

"மிஸ், இது டாய்லெட் தண்ணியா? நம்ம வீட்டுதா?"

"சீ, இல்லடா. மழைத் தண்ணி."

பெரியவருக்குத் தமிழ் தெரியாது. அந்தச் 'சீ' புரிந்திருக்கும். கையை உதறிவிட்டு வலையைப் பார்க்கப் போய்விட்டார்.

பெற்றோருக்குப் பயந்து சொன்னேன் என்று சாக்குச் சொல்லலாம். அது பாதிதான். தொட்டால் கிருமி என்றும் சொல்லலாம். கையைக் கழுவச் சொல்வது வேறு, பொய் சொல்வது வேறு. சோப்பு என் பையிலேயே இருந்தது. மீதிப் பாதி, அருவருப்பு. மலம் என்றால் ஒதுங்கு, அதில் கை வைப்பவரைக் கண்டாலும் ஒதுங்கு என்று வளர்த்த வீடு எங்களுடையது. பிழைப்புக்காகக் கல்கத்தா வந்தபோது எங்கள் பெரியவர்கள் காபி ஃபில்டரோடு இதையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். நைட்ரஜன் சுழற்சியைப் படம் போட்டு விளக்கிய வாய்தான் அந்தச் 'சீ'யையும் சொன்னது.

துருபஜ்யோதி கோஷ் மாநில அரசுப் பொறியாளர். 1980களில், நகரத்தின் கழிவு என்னதான் ஆகிறது என்று தேடிப் போய், பேரிக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு இந்த வித்தையைப் புரிந்துகொண்டு உலகத்துக்குச் சொன்னவர். 1990-ல் ஐ.நா.வின் குளோபல் 500 விருது பெற்றார், 2018-ல் காலமானார். பள்ளிப் பிரார்த்தனைக் கூட்டத்தில் அவர் பெயரையும் விருதையும் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். அவருக்குப் பாடம் சொன்னவர்களைப் போன்ற ஒருவரைத்தான் நான் பேசவிடாமல் செய்தேன். அந்த வருடப் பள்ளி மலரில் பறவைப் பட்டியல் அழகாக அச்சாகியிருந்தது.

2006-ல் தனிச் சட்டம் வந்தும், மண்ணைக் கொட்டி அந்தக் குளங்களை மூடுவது நிற்கவில்லை. பறவைக்கான இடம் என்று மட்டும் படித்தவர், ஃப்ளாட் விளம்பரம் வந்தால் பறவை வேறெங்காவது போய்க்கொள்ளும் என்றுவிடுவார். தன் வீட்டுக் கழிவு அங்கே போகிறது என்று தெரிந்தவருக்கு அப்படிச் சொல்ல வாய் வராது. என் மாணவர்களை முதல் வகையாக்கி அனுப்பினேன்.

அந்தப் பையன் இப்போது எந்த ஊரில் வேலையில் இருக்கிறானோ. அன்று அந்த பஸ்ஸில் வந்த யார் இதைப் படித்தாலும் தயவுசெய்து திருத்திக்கொள்ளுங்கள்: அது மழைத் தண்ணி இல்லை. டாய்லெட் தண்ணிதான். நம்ம வீட்டுதும் அதில் உண்டு.