சுவருக்குள் ஒரு சொட்டுவான்

வீட்டுச் சுவரைப் பற்றி வேளாண் அலுவலரிடம் கேட்கலாமா என்ற தயக்கத்தோடு வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். சுவரின் அடிப்பகுதி எப்போதும் ஈரமாக இருக்கிறது, பெயின்ட் பொரிந்து உதிர்கிறது, குழாய் வேலைக்காரரோ சுவர் முழுவதையும் உடைக்க வேண்டும் என்கிறார், என்ன செய்யலாம் என்பது அவருடைய கேள்வி. தாராளமாகக் கேட்கலாம். மண்ணில் ஈரம் எப்படிப் பரவுகிறதோ அப்படித்தான் செங்கல்லிலும் பரவுகிறது. அதோடு, இதே சிக்கல் சென்ற கோடையில் எங்கள் வீட்டுக்கும் வந்தது. நடந்ததைச் சொல்கிறேன். உங்களுக்கு எது பொருந்துகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ராசிபுரம் பக்கம் எங்கள் வீடு. அம்மாவுக்கு எண்பது வயதை ஒட்டி இருக்கும். இரவில் எழுந்து வெளியே போக முடியவில்லை என்பதால் ஐந்து ஆண்டுகளுக்கு முன் அவர் அறையை ஒட்டியே ஒரு குளியலறை கட்டினோம். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து முக்கால் அங்குல சி.பி.வி.சி. குழாய் அம்மா அறைச் சுவருக்குள் இறங்கி, முழங்கால் உயரத்தில் திரும்பிக் குளியலறைக்குள் போகிறது. சென்ற ஆண்டு மாசி மாதம், குளியலறை வாசலுக்குப் பக்கத்தில் தரையை ஒட்டி ஓதம் தெரிந்தது. இரண்டு வாரத்தில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்துவிட்டது. அதுவரைக்கும் பொறுத்துக்கொள்ளலாம் என்று இருந்தோம். ஒரு நாள் காலையில் அம்மா சொன்னார்: "சாமி, செவுத்துல கை வெச்சா என்னமோ சுருக்குனு இழுக்குது."

அந்தச் சுவரில்தான் சுவிட்ச் பெட்டியும் இருக்கிறது. அவர் தினமும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் குளியலறைக்குப் போவார்.

இந்த இடத்தில் முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான். மெயின் சுவிட்சை அணையுங்கள். அந்த அறையின் விளக்கு சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, ஒயரில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். எலக்ட்ரீஷியனை அழைத்து அந்தச் சுவருக்கு வரும் இணைப்பைத் தனியாகத் துண்டித்த பிறகே மற்ற வேலை. அம்மாவை முன் அறைக்கு மாற்றினோம். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் அளவில் மின்கசிவைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவி இல்லையென்றால் இதையே சாக்காக வைத்துப் பொருத்திவிடுங்கள். நாங்களும் அப்போதுதான் பொருத்தினோம்.

அடுத்தது, கசிவு எந்தக் குழாயில் என்று கண்டுபிடிப்பது. வந்த குழாய் வேலைக்காரர் ஈரம் இருந்த இடத்தைப் பார்த்தார். "உள்ளே எல்போ விட்டிருக்கும் சார், குளியலறைப் பக்கம் டைல்ஸை எடுத்துத்தான் பார்க்கணும்" என்றார். 18,000 ரூபாய் மதிப்புப் போட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, ஈரம் அங்கேதான் இருந்தது. ஆனால் மஞ்சளான இலையைப் பார்த்த உடனே மருந்து எழுதிக் கொடுப்பதில்லை. வேரைப் பார்க்கிறோம், மண்ணைப் பார்க்கிறோம். "இரண்டு நாள் பொறுங்க தம்பி" என்று சொல்லி அனுப்பினேன்.

ஈரம் வரும் நேரத்தைக் கவனித்தாலே பாதி தெரிந்துவிடும். மழைக்குப் பிறகு மட்டும் ஈரமானால் மாடியையோ வெளிச்சுவர் வெடிப்பையோ பாருங்கள். குளித்த பிறகு மட்டும் ஈரமானால் கழிவுநீர்க் குழாய் அல்லது டைல்ஸ் இடுக்கு. யாரும் தண்ணீரைத் தொடாதபோதும் காயாமல் இருந்தால், எப்போதும் தண்ணீர் நிற்கும் குழாயில், அதாவது தொட்டியிலிருந்து வரும் குழாயில் கசிவு இருக்கலாம். குழாயே போகாத சுவரில் எல்லா அறையிலும் ஒரே உயரத்துக்கு ஓதம் ஏறியிருந்தால் அது தரையிலிருந்து வருவது.

எங்கள் சுவர் காயவே இல்லை. இரவு 10 மணிக்கு எல்லாக் குழாய்களையும் மூடினேன். கழிப்பறைத் தொட்டிக்குப் போகும் சிறிய வால்வையும் மூடினேன். அதில் ஒழுக்கு இருந்தால் கணக்கு தவறிவிடும். மாடித் தொட்டியில் ஒரு குச்சியை விட்டு நீர்மட்டத்தைக் குறித்துக்கொண்டேன். காலை 6 மணிக்கு ஒன்றரை அங்குலம் இறங்கியிருந்தது. மறுநாள் இரவு தொட்டி அடியில் இருக்கும் கேட் வால்வையும் மூடிவிட்டு அளந்தேன். மட்டம் இறங்கவில்லை. ஆகவே தொட்டியில் ஓட்டை இல்லை, குழாயில்தான் கசிவு.

அந்த 1,000 லிட்டர் தொட்டியின் அகலத்துக்கு ஒன்றரை அங்குலம் என்பது சுமார் 32 லிட்டர். 8 மணி நேரத்தில் 32 லிட்டர் என்றால் மணிக்கு 4 லிட்டர். தென்னைக்கும் எலுமிச்சைக்கும் நாம் வைக்கும் 4 லிட்டர் சொட்டுவான் ஒன்றைச் சுவருக்குள் வைத்து இரவு பகலாகத் திறந்துவிட்டது போல. ஒரு நாளைக்கு 96 லிட்டர், மாதத்துக்கு ஏறக்குறைய 2,900 லிட்டர். போர்வெல்லில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்த மாசியில் அவ்வளவையும் மோட்டார் போட்டு ஏற்றிச் சுவருக்கு ஊற்றிக்கொண்டிருந்தோம்.

எந்தக் குழாய் என்று தெரிந்தது, எந்த இடம் என்று தெரியவில்லை. அங்கே எங்களைக் காப்பாற்றியவர் என் மனைவி. குளியலறை கட்டும்போது, பூச்சு வேலைக்கு முந்தைய நாள், காடி வெட்டிக் குழாய் பதித்திருந்த சுவரைத் தன் செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தார். கதவு நிலையும் படத்தில் விழுந்திருந்தது. நிலையிலிருந்து அளந்து பென்சிலால் சுவரில் கோடு போட்டோம். கோடு நேராக மருந்து அலமாரிக்குப் பின்னால் போனது. முந்தைய ஆண்டு தச்சர் ஒருவர் வந்து அடித்துக்கொடுத்த அலமாரி அது. உள்ளே குழாய் போவது அவருக்குத் தெரிய வழியில்லை. அலமாரியைக் கழற்றினால், நான்கு திருகாணிகளில் ஒன்று துருப்பிடித்து ஈரமாக வந்தது.

ஓட்டை போட்ட அன்றே ஏன் ஒழுகவில்லை என்று கேட்பீர்கள். குழாயைத் துளைத்த திருகாணியே அந்த ஓட்டைக்கு அடைப்பாகவும் நின்றிருக்கிறது. மாதங்கள் போகத் துருப்பிடித்து இடுக்கு விட்டதும் கசிய ஆரம்பித்தது. கசிந்த நீர் காடியின் வழியே குழாயை ஒட்டி இறங்கி, நான்கு அடிக்குக் கீழே வெளிப்பட்டது. ஈரம் தெரியும் இடம் வேறு, ஓட்டை இருக்கும் இடம் வேறு. டைல்ஸை உடைத்திருந்தால் நல்ல எல்போவைத்தான் பார்த்திருப்போம்.

மறுபடி அதே குழாய் வேலைக்காரரை அழைத்தோம். அறைப் பக்கத்தில் ஒன்றரை அடி நீளத்துக்கு மட்டும் பூச்சை வெட்டினார். ஓட்டை கடுகளவுதான் என்றாலும் அந்த நீளம் தேவை. சுவருக்குள் இரு முனையும் இறுகியிருக்கும் குழாயைச் சற்று வளைத்தால்தான் புதுத் துண்டை நுழைக்க முடியும். வால்வை மூடி, கீழ்க்குழாயைத் திறந்து நீர் முழுவதும் வடிந்த பிறகு பழுதான பகுதியை அறுத்து எடுத்தார். முனைகளைத் துணியால் துடைத்துக் காயவிட்டு, இரண்டு கப்ளர் வைத்துப் புதுத் துண்டை ஒட்டினார். ஈரத்தில் பசை பிடிக்காது.

நம் விவசாயிகள் இந்த இடத்தில் கவனிக்க வேண்டும். தோட்டத்தில் மீதியான சாம்பல் நிற பி.வி.சி. குழாயும் அதற்கான பசையும் எல்லார் வீட்டிலும் கிடக்கும். அவற்றை சி.பி.வி.சி. குழாய்க்குப் பயன்படுத்தாதீர்கள். வெளிவிட்ட அளவும் வேறு, பசையும் வேறு. நெருப்பில் காட்டி வாய் விரித்துச் சொருகுவது, சைக்கிள் டியூப் சுற்றிக் கட்டுவது எல்லாம் வரப்போரத்தில் ஒரு பருவத்தைத் தள்ளிவிடும். நாளை ஒழுகினாலும் கண்ணுக்குத் தெரியும். சுவருக்குள் அது ஆகாது.

ஒட்டிய அன்றே சிமென்ட் பூச விடாதீர்கள். பசை டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை காத்திருந்து, தொட்டியை நிரப்பி, எல்லாக் குழாய்களையும் மூடி, ஒரு நாள் முழுக்கத் திறந்த சுவரோடு விட்டுப் பாருங்கள். இணைப்பைச் சுற்றி ஒரு காகிதம் கட்டினால் ஒரு சொட்டு விழுந்தாலும் தெரியும். எங்களுக்குக் கூலி, சாமான், பூச்சு எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய் ஆனது. சுவர் நன்றாகக் காய ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குப் பிறகுதான் மின் இணைப்பு கொடுத்து, பெயின்ட் அடித்து, அம்மாவை அறைக்கு மாற்றினோம்.

கேள்வி கேட்ட வாசகர் வீட்டில் இருப்பது பழைய ஜி.ஐ. குழாய் என்றால் நான் வேறு மாதிரி சொல்வேன். துரு ஓர் இடத்தோடு நிற்பதில்லை. இன்று ஒன்றை அடைத்தால் அடுத்த கோடையில் பக்கத்தில் இன்னொன்று விடும். அந்தக் குழாயைச் சுவருக்குள்ளேயே கைவிட்டு, இரு முனையையும் அடைத்து, புதுக் குழாயைச் சுவருக்கு வெளியே கொண்டுபோவதே செலவு குறைந்த வழி. அழகு கொஞ்சம் குறையும், ஆனால் ஒழுகினால் உடனே தெரியும்.

புது வீடு கட்டுபவர்களுக்கும் குளியலறை சேர்ப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பூச்சுக்கு முந்தைய நாள், சுவரில் ஓர் அளவு நாடாவை நீட்டி வைத்து, கதவு நிலையும் சேர்ந்து தெரியும்படி படம் எடுங்கள். குழாய்க்கும் மின்சாரக் குழலுக்கும் சேர்த்தே எடுங்கள். படம் செல்போனோடு தொலைந்துவிடலாம், அதனால் ஒரு தாளில் அளவுகளை எழுதி வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். ஆணி அடிக்க யார் வந்தாலும் முதலில் அதைக் காட்டுங்கள். தோட்டத்தில் பூமிக்குள் போட்டிருக்கும் மெயின் குழாய்க்கும் இது பொருந்தும். ஜே.சி.பி. ஓட்டி வருகிறவருக்கு அது எங்கே போகிறது என்று தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.