நாமக்கல்லில் ஒரு சாய்ந்த வண்டி

கரூரிலிருந்து கிளம்பிய பஸ் வேலூர் பாலத்தில் காவிரியைத் தாண்டும்போது, தம்பி என் கைப்பையை ஒருமுறை பார்த்துக்கொண்டான். உள்ளே என் வளையல்கள் நாலு. வண்டி பிடித்துப்போனால் அன்றைக்கே அடகு வைத்து அட்வான்ஸ் கொடுத்துவிடுவதாகத் திட்டம். கம்பெனி வேலை போன பிறகு, காய்கறி லோடு அடித்தாவது பிழைத்துக்கொள்ளலாம் என்று அவன் தேடிப் பிடித்த பழைய பிக்கப் அது.

நாமக்கல்லுக்கு முட்டையாலும் ஆஞ்சநேயராலும் எவ்வளவு பெயரோ, அவ்வளவு பெயர் லாரியாலும் உண்டு. வெறும் சட்டமும் இன்ஜினுமாக வருகிற லாரிகளுக்கு 'பாடி' கட்டுகிற ஊர். சாலையோரப் பட்டறைகளில் வெல்டிங் பொறி பறக்கிறது. பெயின்ட் வாசனை பஸ் ஜன்னல் வரை வருகிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே பாறையாக எழுந்து நிற்கும் மலையும், அதன் உச்சியில் கோட்டையும் கண்ணில் படுகின்றன.

வண்டி பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால், பின்னால் போய் நின்று பார்த்தால், இடுப்பில் குடம் வைத்த பெண் மாதிரி இடது பக்கம் சாய்ந்து நின்றது. "பட்டை கொஞ்சம் இறங்கியிருக்கு. இடது பக்கம் ஒரு பட்டை சேர்த்துப் போட்டா நிமிர்ந்துடும். ரெண்டாயிரம் ரூபா வேலை" என்றார் விற்பவர். தம்பி தலையாட்டினான். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. "ஒரு பட்டறையில காட்டிட்டு வந்துடறோமே" என்றேன். அவர் ஒரு பையனை வண்டியோடு அனுப்பிவைத்தார்.

லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை மாற்றுகிற பட்டறை அது. பெரியவர் ஒருவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். "மொதல்ல சமதரையில நிறுத்துப்பா. மேடு பள்ளத்துல நின்னா நல்ல வண்டியும் சாஞ்சுதான் தெரியும்" என்றார். நாலு டயரிலும் காற்றைப் பார்த்தார். நாலும் ஒரே அளவு டயர்தானா என்று குனிந்து எண்களைப் படித்தார். பிறகு டேப்பை எடுத்து, முன்னால் சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரையும், பின்னால் சக்கர நடுவிலிருந்து சட்டம் வரையும் இரண்டு பக்கமும் அளந்தார். தரையிலிருந்து அளந்தால் டயரின் குறையும் சேர்ந்துவிடுமாம். முன்னால் இடது பக்கம் அரை அங்குலம் குறைவு. பின்னால் ஒன்றரை அங்குலம்.

"ரோடு நடுவுல மேடு, ஓரத்துல தாழ்வு. நாம ஓட்டறது இடது பக்கம். அதனால இடது பட்டை கொஞ்சம் முன்னாடியே தளர்றது உண்டுங்க. லோடையும் ஒரே பக்கமா ஏத்தினா கேக்கவே வேண்டாம். ஆனா, இது கொஞ்சம் ஜாஸ்தி" என்றவர், முன்பக்கத்தின் நட்டநடுவில் ஜாக்கியை வைத்துத் தூக்கினார். இப்போது வண்டியின் முன்பாதி ஒரே புள்ளியில் நிற்கிறது. கோளாறு முன்னால் இருந்தால், இந்நேரம் வண்டி நிமிர்ந்திருக்க வேண்டும். நிமிரவில்லை. "அப்ப நோவு பின்னாலதான்!"

"ஷாக் அப்சார்பரை மாத்தினா சரியாகுமாங்க?" என்று கேட்டான் தம்பி. "அது குலுக்கலைத்தான் அடக்கும் தம்பி. பாரத்தைத் தாங்கறது பட்டைதான்" என்றபடி, டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார்.

இடது பக்கப் பட்டைக் கட்டு வளைவே இல்லாமல் தட்டையாகப் படுத்திருந்தது. இரண்டாவது பட்டையில் விரிசல். இதெல்லாம் மாற்றக்கூடியது என்று எங்களுக்கே புரிந்தது. ஆனால், அவர் வெளியே வரவில்லை. பட்டையின் பின்முனை சட்டத்தோடு சேரும் இடத்திலேயே டார்ச் வெளிச்சம் நின்றது. சட்டம் முழுக்க மண்ணும் துருவுமாக இருக்க, அங்கே மட்டும் ஒரு சாண் அளவுக்குப் புதுக் கறுப்பு பெயின்ட். ஸ்குரூடிரைவரால் சுரண்டினார். உள்ளே, பிறகு யாரோ போட்ட வெல்டிங் தழும்பு.

கடைசியாக, சட்டத்தின் நாலு இடங்களிலிருந்து தூக்குக்குண்டை விட்டுத் தரையில் சாக்பீஸால் புள்ளி வைத்தார். வண்டியை நகர்த்தச் சொல்லி, குறுக்காக மூலைக்கு மூலை நூல் பிடித்தார். இரண்டு நூலும் ஒரே நீளம் வர வேண்டும். முக்கால் அங்குலம் வித்தியாசம் வந்தது.

"எங்கியோ பலமா அடி வாங்கியிருக்குதுங்க அம்மிணி. பட்டைய மாத்தலாம், புஷ் மாத்தலாம். ஒரு பக்கம் மட்டும் மாத்தாம ரெண்டு பக்கமும் சேர்த்து மாத்தினா வண்டி நிமிர்ந்துகூட நிக்கும். ஆனா, லோடு ஏத்திக்கிட்டு ராத்திரியில ஓடறப்ப இந்தச் சட்டத்தை நம்ப முடியாதுங்க."

தம்பி ரொம்ப நேரம் அந்தச் சாக்பீஸ் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். விற்பவர் தெரிந்து சொன்னாரோ, தெரியாமல் சொன்னாரோ, தெரியவில்லை. இடது பக்கம் ஒரு பட்டை சேர்த்திருந்தால் வண்டி நேராக நின்றிருக்கும். நாங்களும் வாங்கியிருப்போம்.

பெரியவர் 200 ரூபாய்தான் வாங்கினார். "அடுத்த வண்டி பார்க்கப் போறப்ப, வெளியில பளபளப்பைப் பார்க்காதப்பா. அடியில புதுப் பெயின்ட் இருக்குதான்னு பாரு" என்றார் தம்பியிடம்.

பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போனோம். 18 அடி உயரம். தலைக்கு மேல் கூரை கிடையாது. வெயிலிலும் மழையிலும் எதிரே நரசிம்மர் சந்நிதியைப் பார்த்தபடி கைகூப்பி நிற்கிறார். தம்பி கண்ணை மூடிக் கும்பிட்டான். என்ன வேண்டிக்கொண்டான் என்று நான் கேட்கவில்லை.

திரும்பும்போது, வேலூர் பாலம் வருவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். நான் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டேன். உள்ளே நாலு வளையலும் பத்திரமாக இருந்தன.