ஆறு வாரம் பொறுக்கணும்

ஏ.டி.ஹெச்.டி. எல்லாம் அமெரிக்கக் குழந்தைகளுக்கு வர்றது என்று நினைப்பவர்கள் எங்க வாணியம்பாடிக்கு ஒரு நடை வாங்க. என் அக்கா பையனையே காட்டுறேன். எட்டு வயசு. நோட்டைத் திறந்தால் பென்சில் இருக்காது, பென்சில் கிடைச்சா ஆளே இருக்க மாட்டான். "வாலு", "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டீங்க" என்று எல்லாப் பட்டமும் வாங்கியாச்சு. பள்ளிக்கூடத்தில் "டி.சி. வாங்கிக்கோங்க" என்ற பிறகுதான் வேலூருக்குக் கூட்டிப்போனோம். அக்காவும் மாமாவும் ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை, லீவு போட்டால் சம்பளம் கட். அதனால் காட்பாடி வரைக்கும் ரயிலில் துணைக்குப் போவது பி.காம். படிக்கும் அடியேன்.

டாக்டர் எழுதிக் கொடுத்தது அடோமாக்ஸெடின். வழக்கமாக முதலில் கொடுப்பது மெத்தில்ஃபெனிடேட். அது ஊக்கி மருந்து. போட்ட ஒரு மணி நேரத்திலேயே பலன் தெரிய ஆரம்பிக்கும், சில மணி நேரத்தில் தீர்ந்தும் போகும். சராசரியாகப் பார்த்தால் பலன் அதில்தான் அதிகம், அதை மறைக்கக் கூடாது. ஆனால் 1985 போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் இருப்பதால் எல்லா மெடிக்கலிலும் வாங்கிவிட முடியாது. போதாக்குறைக்கு, இவன் அடிக்கடி கண்ணை வெட்டி வெட்டிச் சிமிட்டுவான். அதையும் பார்த்துத்தான் டாக்டர் ஊக்கி அல்லாததைத் தேர்ந்தெடுத்தார்.

இந்த அடோமாக்ஸெடின் முதலில் மனச்சோர்வுக்காக ஆராயப்பட்ட மருந்து. அங்கே தேறவில்லை. 2002-ல் அமெரிக்காவில் ஏ.டி.ஹெச்.டி.க்கு அனுமதி வாங்கியது. மூளையில் நார்எபினெஃப்ரின் என்று ஒன்று சுரக்கிறது, வேலை முடிந்ததும் நரம்பு அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அந்த உறிஞ்சலைத் தடுப்பதுதான் இதன் வேலை. பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம், சிலருக்கு இன்னும் கூட ஆகும். நம்ம பாஷையில் சொன்னால் மெத்தில்ஃபெனிடேட் ரொக்க வியாபாரம், இது கடன் வியாபாரம். சரக்கு போயாச்சு, பணம் வர்ற வரைக்கும் காத்திருக்கணும். தோல் மண்டிக்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

வீட்டில்தான் விளக்க முடியவில்லை. இரண்டாவது வாரம் பையன் சாப்பாட்டைத் தள்ளினான், வயிறு வலி என்றான், ஒரு நாள் வாந்தி. சேட்டை மட்டும் அப்படியே இருந்தது! கெடுதல் உடனே தெரியுது, நல்லது தெரியல. "இந்தக் கருமத்தை நிறுத்துடா" என்று அம்மா அழுதார். பல வீடுகளில் மருந்து இந்த இடத்தில்தான் நிற்கும் என்று நினைக்கிறேன். போன் பண்ணினோம். வெறும் வயிற்றில் வேண்டாம், சாப்பிட்ட பிறகு கொடுங்க என்றார் டாக்டர். காலையில் கம்பெனி வண்டி ஏறுவதற்குள் இட்லியை ஊட்டி மாத்திரை கொடுப்பது அக்கா டியூட்டி ஆனது.

கேப்ஸ்யூலைப் பிரித்துத் தேனில் குழைத்துத் தரலாம் என்பது அம்மாவின் அடுத்த யோசனை. கூடாது. உள்ளே இருக்கிற பொடி கண்ணில் பட்டால் எரிச்சல், முழுசாகத்தான் விழுங்க வேண்டும். சீரக மிட்டாயைத் தண்ணீரோடு விழுங்கச் சொல்லி நாலு நாள் பிராக்டிஸ் கொடுத்தேன். (பாதி பாக்கெட்டை மென்னே தீர்த்துட்டான்.)

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். சில குழந்தைகளுக்குத் தற்கொலை எண்ணம் வரலாம் என்று 2005-ல் அமெரிக்க மருந்துத் துறை இதன் பெட்டியிலேயே எச்சரிக்கை போட வைத்தது. அரிதாகக் கல்லீரலும் பாதிக்கலாம். பையன் திடீரென்று சுருண்டு உட்கார்ந்தாலோ, எரிந்து விழுந்தாலோ, கண் மஞ்சளானாலோ உடனே சொல்லணும். முதல் சில மாதம் ஆயா, அப்பா, அம்மா, மாமா எல்லோருக்கும் காவல் வேலைதான்.

ஏழாவது வாரம் கணக்கு நோட்டில் ஒரு பக்கம் முழுசாக இருந்தது. கடைசி கணக்கு தப்பு. ஆனால் கடைசி வரைக்கும் போட்டிருந்தான். அக்கா அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து மாமாவுக்கு அனுப்பினாள்.

கண் சிமிட்டல் இன்னும் போகவில்லை. டோஸ் எடையைப் பார்த்துத்தான் என்பதால் அடுத்த மாதம் மறுபடி காட்பாடி ரயில். அன்றைக்கு எனக்கு காஸ்ட் அக்கவுண்டிங் இன்டர்னல் வேறு இருக்கிறது.