துவாய் எறிய ஒருவர்

யப்பானில் 1997 முதல் 2007 வரை நடந்த ஒரு சண்டைப் போட்டியைப் பற்றி இலக்கியச் சஞ்சிகையில் எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். ‘பிறைட்’ என்பது அதன் பெயர். குத்து, உதை, மல்யுத்தம், யூடோ எல்லாம் கலந்து, கயிறு கட்டிய மேடையில் இருவர் மோதுவார்கள். கீழே விழுந்தவனின் தலையில் காலால் உதைக்கவும் அங்கே அனுமதி இருந்தது. அடிக்குப் பயந்து நாட்டை விட்டு வந்த நாங்கள் இதைக் காசு கொடுத்துப் பார்த்தோம். ஏன் பார்த்தோம் என்பதற்கு எங்களிடம் ஒரு பதில் உண்டு. அதற்கு முன் கதையைச் சொல்ல வேண்டும்.

யப்பானில் தொழில்முறை மல்யுத்தத்தை மக்களிடம் கொண்டுபோனது 1950களின் தொலைக்காட்சி. அதன் நாயகன் ரிக்கிடோசான். கொரியாவில் பிறந்தவர். யப்பானியர் அவரைத் தங்கள் வீரனாகக் கொண்டாடியபோது, அந்தப் பிறப்பை மறைத்தே வாழ்ந்தார். 1963 டிசெம்பரில் ரோக்கியோ இரவு விடுதி ஒன்றில் யாக்குசாக் கும்பலைச் சேர்ந்த ஒருவன் அவரைக் கத்தியால் குத்தினான். ஒரு வாரத்தில் இறந்துபோனார். வீரன், தொலைக்காட்சி, பாதாள உலகம் என்ற மூன்றும் அன்றே பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

அந்த மல்யுத்தத்தின் முடிவுகள் முன்கூட்டியே பேசி வைக்கப்பட்டவை. அதன் பெரிய நட்சத்திரங்களில் ஒருவர் நொபுஹிக்கோ தகாடா. 1997 ஒக்ரோபர் 11 அன்று ரோக்கியோ டோம் அரங்கில் அவரை உண்மையான சண்டைக்கு ஏற்றினார்கள். எதிரே பிறேசிலின் ரிக்சன் கிரேசி. ஐந்து நிமிடம் ஆகுமுன்பே தகாடாவின் கை பூட்டப்பட்டது. தோல்வியை ஒப்புக்கொண்டார். பிறைட்டின் முதல் இரவு அது.

கிரேசி குடும்பத்துக்கு இந்தக் கலை வந்ததும் ஒரு புலப்பெயர்வுக் கதைதான். 1914இல் பிறேசில் போய்ச் சேர்ந்த மித்சுயோ மயெடா என்ற யூடோ வீரர் பின்னர் கார்லோஸ் கிரேசிக்குக் கற்றுக்கொடுத்தார். வெளியே போன கலை எண்பது வருடம் கழித்து வேறு முகத்தோடு திரும்பி வந்து, பிறந்த வீட்டுப் பிள்ளையையே வீழ்த்தியது.

இடையில் ஒரு கணக்கும் இருந்தது. 1951இல் றியோ டி ஜனேரோவில் மசஹிக்கோ கிமுரா என்ற யப்பானியர் எலியோ கிரேசியின் கையை முறுக்கிப் பிடித்தார். எலியோ விட்டுக்கொடுக்கவில்லை. அவருடைய அண்ணன் கார்லோஸ்தான் சண்டையை நிறுத்தினார்.

2000 மே 1 அன்று எலியோவின் மகன் ரொய்ஸ், தகாடாவின் சீடர் கசுஷி சக்குராபாவோடு ரோக்கியோ டோமில் மோதினார். நேர எல்லை கூடாது, நடுவர் இடையில் நிறுத்தக்கூடாது என்பன கிரேசி தரப்பின் நிபந்தனைகள். பதினைந்து நிமிடச் சுற்றுகள் ஆறு. மொத்தம் 90 நிமிடம். சக்குராபாவின் உதைகளில் ரொய்சின் கால் செயலற்றுப் போனது. அவருடைய பக்கத்திலிருந்து துவாய் விழுந்தது. அதே இரவு சக்குராபா, தன்னைவிடப் பாரமான உக்கிரேனியர் ஈகோர் வொவ்சான்சினோடு இன்னும் 15 நிமிடம் மோதினார். முடிவில் அவருடைய ஆட்களும் துவாயை எறிந்தார்கள்.

எங்கள் பதில் இதுதான். றெஸ்ரோறன்ற் வேலை முடிந்து நடுச்சாமத்தில் வந்து, ஒரே அறையில் நாலைந்து பேர் இருந்து அந்த ஒளிநாடாவைப் பார்த்தபோது நாங்கள் பார்த்தது அந்தத் துவாயைத்தான். தோற்றவன் கையால் தட்டினால் வென்றவன் பிடியை விடுகிறான். தட்டாதவனுக்காக அவனுடைய ஆள் ஒருவன் துவாயை எறிகிறான். கை உயர்த்தியவனை விட்டுவிடும் விதியை எங்கள் ஊரில் நாங்கள் காணவில்லை.

பிறைட் வளர்ந்தது. 2002 ஆகஸ்டில் ரோக்கியோ தேசிய விளையாட்டரங்கில் கே-1 நிறுவனத்தோடு சேர்ந்து நடத்திய இரவுக்கு எழுபதினாயிரம் பேரளவில் வந்தார்கள். பழைய மல்யுத்த வீரர் அன்ரோனியோ இனோக்கி வானத்திலிருந்து பரசூட்டில் இறங்கினார். 2003 டிசெம்பர் 31 இரவு, யப்பானின் மூன்று தொலைக்காட்சிகள் மூன்று வெவ்வேறு சண்டை நிகழ்ச்சிகளை ஒளிபரப்பின. பிறைட்டுக்குக் கிடைத்தது புஜி தொலைக்காட்சி. அதன் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான்.

அதை நடத்திய கொம்பனியின் தலைவர் நவோட்டோ மொரிஷிட்டா 2003 சனவரியில் ரோக்கியோ ஹொட்டேல் ஒன்றில் இறந்து கிடந்தார். தற்கொலை என்று சொல்லப்பட்டது. நொபுயுக்கி சக்கக்கிபாரா பொறுப்பேற்றார். 2006இல் வாரப் பத்திரிகை ஒன்று பிறைட்டுக்கும் யாக்குசாவுக்கும் தொடர்பு உண்டென்று தொடர்ந்து எழுதியது. யூன் 5 அன்று புஜி தொலைக்காட்சி ஒப்பந்தத்தை முறித்தது. மேடையில் எவரும் தோற்கவில்லை. ஒளிபரப்பு நின்றது, வருமானம் நின்றது. ஒக்ரோபரில் லாஸ் வேகசுக்குப் போய்ப் பார்த்தார்கள், சரிவரவில்லை. 2007 மார்ச்சில், போட்டியாளரான அமெரிக்க யு.எப்.சி.யின் உரிமையாளர்கள் பிறைட்டை வாங்குவதாக அறிவிக்கப்பட்டது. ஏப்ரல் 8 அன்று சைத்தாமாவில் கடைசி இரவு. ஒக்ரோபரில் ரோக்கியோ அலுவலகத்தை மூடி ஊழியர்களை அனுப்பிவிட்டார்கள். சக்குராபாவின் அந்த 90 நிமிடமும் இப்போது அமெரிக்கக் கொம்பனியின் சொத்து. சக்கக்கிபாரா 2015இல் ‘றைசின்’ என்ற பெயரில் வேறொன்று தொடங்கினார். அது வேறு காலம்.

ஒரு கொம்பனி விழுந்ததற்காக அழ வேண்டியதில்லை. எங்களை உறுத்துவது வேறொன்று. றினிடாட்டில் பிறந்து கனடாவுக்குப் போன கரி குட்றிட்ஜ், பிறைட்டின் முதல் இரவிலேயே மோதியவர். வேறு மேடைகளிலும் பல வருடம் அடி வாங்கினார். 2012இல், தலையில் பட்ட அடிகளால் அவருக்கு மூளை நோய் வந்திருப்பது வெளியே தெரிந்தது. ஒவ்வொரு சண்டையிலும் அவருக்கு ஒரு நடுவர் இருந்தார், மூலையில் துவாயோடு ஆட்களும் நின்றார்கள். ஆனால் ஒரு சண்டைக்கும் அடுத்த சண்டைக்கும் இடையில், ‘இனிப் போதும்’ என்று சொல்லி நிறுத்துவது எவருடைய வேலையாகவும் இருக்கவில்லை. கொம்பனிக்கு அடுத்த நிகழ்ச்சிக்கு ஆள் வேண்டும், அவருக்குச் சம்பளம் வேண்டும், பார்க்கிறவர்களுக்குச் சண்டை வேண்டும்.

இரண்டு வேலை செய்து, இடுப்பு முறிந்த பிறகும் மூன்றாவது வேலை தேடும் எங்கள் ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.